அட்மின் அண்ணாச்சி காட்டிய இருபத்தொரு தலை

மும்பையில் சூரியனை எழுப்பிவிடுவது யார் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே கிடையாது. வடாலாவில் குடியிருக்கும் அட்மின் அண்ணாச்சிதான். காலை நாலே முக்காலுக்கு அவர் குரல் கொடுத்த பிறகுதான் சூரியன் பாயைச் சுருட்டும். ஆடி மாதத்து அடைமழையில்கூட, அவருக்குப் பயந்து ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சத்தைக் காட்டிவிட்டுத்தான் திரும்பப் படுக்கும்.

"எந்திரிங்க மக்கா! வேலன் எந்திரிச்சாச்சு. ஒங்களுக்கு இன்னும் என்ன படுக்கை?"

தினமும் போனில் வரும் வாய்ஸ் நோட் இது. இதைக் கேட்டுத் தாராவியில் நான் எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் எழுந்திருப்பார். சுவர் மெல்லிசு என்பதால் பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து அறையில், குடியிருக்கும் மராட்டிக் குடும்பமும் எழுந்திருக்கும். அந்த அம்மாள் ஒருநாள் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க காகா, அந்தப் பெரியவர், இன்னைக்கு மூணு நிமிஷம் லேட். என் மகனுக்கு லோக்கல் ரயில் போயிடுச்சு" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

கொரோனா சமயத்தில் கோயில் கதவையெல்லாம் சாத்திவிட்டார்கள் அல்லவா, அப்போது அண்ணாச்சி தொடங்கிய வாட்ஸ்அப் குழு இது. 'வேலன் வாசல்' என்று பெயர். மும்பைத் தமிழர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். முருகனைப் பற்றிப் பேசுவோம், பாடுவோம், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அவனிடம் சேர்த்துக் கும்பிடுவோம். ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லோரும் தங்கள் படத்துக்குப் பதில் முருகன் படத்தை வைத்திருந்தோம். பெயரும் அப்படியே. 'ஓம் முருகா' என்று பதினேழு பேர், 'முருகா சரணம்' என்று இருபது பேர். இருநூறு முருகன்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்கிற இடத்தில் யாரை எப்படி அடையாளம் காண்பது?

அதற்கு நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தோம். பேசுகிறவருக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறதோ, அதுதான் பெயர். மாட்டுங்காவில் ஒரு மாமி இருக்கிறார். அவர் எந்த நேரத்தில் பேசினாலும் பின்னால் விசில் அடிக்கும். அவர் குக்கர் மாமி. அம்பர்நாத்திலிருந்து வேலைக்கு வந்துபோகும் தம்பி ஒருவர், ரயிலில் தொங்கிக்கொண்டுதான் பேசுவார். அவர் ரயில் தம்பி. நான் வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். மிஷினை நிறுத்திவிட்டுப் பேச நேரமேது? அதனால் தையல் மிஷின் அக்கா. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவளுக்கும் முருகன் ஒரு பட்டம் கொடுத்துவிட்டான்.

அட்மின் அண்ணாச்சி மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஓடுகிற மிக்ஸிக்கு மேலே நாற்பது வருடம் பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. குழுவின் சட்டதிட்டங்களும் அந்தக் குரலுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். பூப்படம் போட்டு 'இனிய காலை' சொல்லக்கூடாது. சினிமா கூடாது, அரசியல் கூடாது, தங்கம் விலை கூடவே கூடாது. மீறினால், 'ஓம் சரவணபவ' என்று நூற்றெட்டு முறை சொல்லி வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும். அதை யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து ஒருவர் இஷ்டத்துக்குச் சொல்லி அனுப்பினார். கால் மணி நேரத்தில் அண்ணாச்சியின் பதில் வந்தது. "நூத்தியாறுதான் இருக்கு. நடுவுல கொட்டாவி விட்ட எடத்துல ரெண்டு உளுந்திருச்சு. அதச் சொல்லி அனுப்பு."

நானும் ஒருமுறை மாட்டினேன். வீட்டுக்காரருக்கு எழுதியதைக் கை தவறிக் குழுவில் போட்டுவிட்டேன். 'வரும்போது அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி வாங்க. மறந்தா இன்னைக்குச் சோறு கிடையாது' என்பதுதான் விஷயம். அடுத்த நிமிடம் அண்ணாச்சி இடி மாதிரி இறங்கினார்.

"யாருக்குச் சோறு கெடையாது? முருகனுக்கா?"

அதற்குள் குக்கர் மாமி, "கத்தரிக்காய்னா தாதர் மார்க்கெட்தாண்டி, காம்பு பச்சையா இருக்கான்னு பாத்து வாங்கு" என்று சொல்ல, ரயில் தம்பி, "அக்கா, நான் தாதர்லதான் எறங்குறேன், வாங்கிட்டு வரவா?" என்று கேட்க, குழு முழுக்கக் கத்தரிக்காய் மணக்க ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி என்னைப் பத்து நிமிடம் குழுவை விட்டு நீக்கினார். நீக்கிய கையோடு தனியாகப் போன் செய்தார்.

"வருத்தப்படாதம்மா. சட்டம்னா சட்டம், என்ன செய்ய? ஆமா, அவுக கத்தரிக்கா வாங்கிட்டு வந்தாகளா? நீ சாப்ட்டியா?"

அவர் அப்படித்தான். வெளியே தள்ளிவிட்டு வாசலில் வந்து நின்று விசாரிக்கிற மனுஷன்.

போன தை மாதம், கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வாய்ஸ் நோட் வந்தது. முதல்முறையாக அண்ணாச்சி குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தார். போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்கவேண்டியிருந்தது.

"மக்கா, வீட்டுல பெரிய பிரச்சினை. ஒங்க மதினி ஒரு முடிவுக்கு வந்துட்டா. 'நாள் பூராவும் இந்த டப்பாவோட பேசுதீக. அதுல இருக்கது ஒண்ணாவது நெசமான ஆளா? அம்புட்டும் டூப்பு. கிருத்திகை அன்னைக்குச் செம்பூர்க் கோயில்ல இருவத்தியோரு பேர உசுரோட கொண்டாந்து காட்டுங்க. காட்டிட்டா நான் வாயத் தொறக்கல. ஒரு தலை கொறஞ்சாலும் இந்தப் போனு பரண்ல, ஒங்களுக்குப் பட்டன் போனு'ங்கா. பட்டன் போன்ல வாட்ஸ்அப் கெடையாது மக்கா. நம்ம வாசலையே சாத்திருவா. வந்துருங்க."

மதினி என்பது அண்ணாச்சியின் மனைவி. நாங்கள் இருநூறு பேரும் கைகூப்பும் படத்தைப் போட்டோம். போட்டால் போதுமா? கிருத்திகை அந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹார்பர் லைனில் மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக மணிக்கணக்கில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். செம்பூருக்கு ரயிலே இருக்காது.

இன்னொரு சிக்கலை அண்ணாச்சியே உண்டாக்கினார். "ஒருத்தர ஒருத்தர் பாத்ததில்லல்லா? அதனால எல்லாரும் பச்சையில வாங்க. பச்சையக் கண்டா நம்ம ஆளு. முடிஞ்சுது சோலி" என்று உத்தரவு போட்டார். கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்கு வருகிற அத்தனை பேரும் பச்சையில்தான் வருவார்கள் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பக்தி முற்றினால் புத்தி கொஞ்சம் விலகி நின்று வழிவிடும் போலிருக்கிறது.

நான் இரண்டு பஸ் மாறி, குன்றின் அடிவாரத்தில் போய் நின்றேன். கோயில் படிக்கட்டு முழுவதும் கீரைக்கட்டை அவிழ்த்துப் பரப்பின மாதிரி இருந்தது. பச்சைச் சேலை, பச்சைச் சட்டை, பச்சைப் பாவாடை. குழந்தையின் குல்லாகூடப் பச்சை. முருகா, இதில் எங்கள் அண்ணாச்சியை எங்கே தேடுவேன் என்று நினைத்து முடிப்பதற்குள் அந்தக் குரல் கேட்டுவிட்டது.

"வாங்க, வாங்க! இப்படி ஓரமா உக்காருங்க! ஒருத்தர் சேர்ந்தார்!"

குரலை வைத்து ஆறடி உயரமும் கிருதா மீசையும் நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். இங்கே நின்றவர் என் தோள் உயரம்தான் இருந்தார். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, சோடாப்புட்டிக் கண்ணாடி. போகிற வருகிற பச்சையை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான்தான் தையல் மிஷின்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த அழகை என்னவென்று சொல்ல! கோயில் பக்கம் திரும்பி, "தாராவி தையல் மிஷின் அக்கா சேர்ந்தார்!" என்று முழங்கினார். மேலே சன்னதியில் இருந்தவர்களே எட்டிப் பார்த்தார்கள். குழுவில் யாராவது புதிதாக வந்தால் போன் அறிவிக்குமே, அதை அவர் வாயாலேயே செய்துகொண்டிருந்தார். ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், "வெளியேறினார்!" திரும்பி வந்தால், "மறுபடி சேர்ந்தார்!"

மதினி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். நல்ல கனத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் ஒரு பட்டன் போன். தயாராக வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்! சுவரோரம் இருந்த வரிசையை எண்ணினார்.

"முப்பத்திநாலு தலை இருக்கு. இருக்கட்டும். கூட்டத்துல நாலு பச்சையப் பிடிச்சு உக்கார வச்சா நான் நம்பிருவேனா?" என்றவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஒவ்வொருத்தரா முன்னால வந்து பேசச் சொல்லுங்க. மொகத்த யாரு பாத்தா? எனக்குக் கொரலுதான் கணக்கு."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குழுவிலேயே இல்லாத இவருக்கு எங்கள் குரல் எப்படித் தெரியும்?

முதலில் ஒரு தம்பதியர். "அம்மா, நாங்க தானேவுலேர்ந்து வர்றோம். செருப்பு விடறதுக்குத்தான் நின்னோம். இவர் வலுக்கட்டாயமா உக்கார வெச்சுட்டார்."

"நம்ம ஆளு இல்ல. மேல போய்ச் சாமி கும்பிடுங்க."

அடுத்து வந்தவருக்குத் தமிழே தெரியவில்லை. "மே தோ பிரசாத் கே லியே பைட்டா தா" என்று, பிரசாதத்துக்காக உட்கார்ந்த கதையை அவர் பரிதாபமாகச் சொல்ல, அண்ணாச்சி அவர் காதில், "பிரசாதம் மிலேகா பாய், ஒரே ஒரு ஓம் முருகா போலோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சொல்லிக் குடுக்கிறது காதுல உளுது" என்றார் மதினி, கண்ணைத் திறக்காமலே.

இப்படியே பதினான்கு பேர் கழிந்துபோனார்கள். என் முறை வந்தது. "வணக்கம் மதினி" என்று மட்டும்தான் சொன்னேன்.

மதினி கையை உயர்த்தினார். "இரு. தையல் மிஷினுதான? ஏளா, ஒம் மிஷின்ல பெல்ட்டு தொளதொளன்னு கெடக்கு. மூணு மாசமா கேக்கேன், கடக்கு கடக்குன்னு அடிக்கி. இன்னுமா மாத்தல?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெல்ட் விஷயம் என் வீட்டுக்காரருக்கே தெரியாது! அண்ணாச்சி வீட்டில் சத்தமாக வைத்துக் கேட்கிற எங்கள் வாய்ஸ் நோட்டை எல்லாம் மதினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடுத்து வந்தது மாட்டுங்கா மாமி. "நான் மாட்டுங்காலேர்ந்து வந்திருக்கேன். தினம் முருகன் மேல ரெண்டு வரி பாடுவேனே..."

மதினி நெற்றியைச் சுருக்கினார். "பிடிபடலயே."

மாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னடி இது, அஞ்சு வருஷமா பாடறேன், தெரியலேங்கறாளே!" என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று விளங்கியது. மாமிக்குப் பின்னால் போய் நின்று, வாயைக் குவித்து, "உஸ்ஸ்ஸ்ஸ்..." என்று நீளமாக ஊதினேன்.

"அட, குக்கர் மாமியா!" மதினி துள்ளிவிட்டார். "முட்டி வலின்னீகளே, எண்ணெய் தேச்சீகளா? இந்த முட்டிய வச்சுக்கிட்டா நிக்கீக? உக்காருங்க, உக்காருங்க!"

அதன் பிறகு வழி தெரிந்துவிட்டது. அம்பர்நாத் தம்பி மெகா பிளாக்கில் மாட்டி மூன்று பஸ் மாறி வந்திருந்தார். ரயில் சத்தம் இல்லாமல் அவரை யாருக்குத் தெரியும்? நாங்கள் பத்துப் பேர் பின்னால் கூடி நின்று, "தடக் தடக், தடக் தடக்" என்று கால்களை உதைத்தோம். ஒருவர் "அக்லா ஸ்டேஷன் குர்லா!" என்று பெண் குரலில் அறிவிப்பே கொடுத்தார். பூ விற்கிற பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"ரயில் தம்பி!" என்றார் மதினி. "டோம்பிவிலிப் பொண்ணப் பாத்தீகளே, பிடிச்சிருந்துதா? பதிலே சொல்லலியே!"

தம்பியின் முகம் சிவந்துவிட்டது. "அண்ணாச்சி! அத நான் உங்களுக்குத் தனியா அனுப்பினது!"

அண்ணாச்சி கோயில் கோபுரத்தைப் பார்த்து, "முருகா" என்றார்.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆனால் வரிசை முடிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இருபது பேர். சரியாக இருபது. குழுவில் செய்திகள் வந்தபடி இருந்தன. 'குர்லாவில் நிற்கிறோம். வண்டி இல்லை.' 'ஆட்டோக்காரன் வரமாட்டேன் என்கிறான்.' 'வந்துகொண்டே இருக்கிறோம் அண்ணாச்சி.'

உச்சிக்காலப் பூஜைக்கு மணி அடித்தது. மதினி கண்ணைத் திறந்தார். அண்ணாச்சி படிக்குக் கீழே, சாலை வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பச்சை நிறத்தில் யாராவது திரும்புகிறார்களா என்று. ஒரு காய்கறி வண்டிதான் திரும்பியது.

பிறகு அவர் போனை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். துண்டு நுனியால் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அதைத் துடைத்தார்.

"இருவதுதான் மக்கா. சொன்ன சொல்லு சொல்லுதான்." தாழ்ந்த குரல் அவருக்குப் பொருந்தவே இல்லை. "என்னத்த எளவு, காலைல எந்திரிச்சா யார எழுப்புறதுன்னுதான் தெரியல" என்று சொல்லிக்கொண்டே போனை மதினியிடம் நீட்டினார்.

நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு ஆள் அனுப்பப்பா, ஒரே ஒரு ஆள்.

"சித்த இருங்கோ" என்றது மாமியின் குரல். "இருபத்தொண்ணு இருக்கே! எண்ணத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?"

"எங்க மாமி?"

"தினம் காலம்பற அண்ணாச்சி நம்மள எழுப்பி முடிச்சதும், கடைசியில ஒரு குரல் வருமே. 'போன வச்சிட்டுப் பல்லத் தேய்ங்க, காப்பி ஆறுது'ன்னு. அத கேட்டுட்டுத்தானே நான் அடுப்பையே மூட்டறேன். அஞ்சு வருஷமா ஒரு நாள் தவறாம வந்த குரல் அது ஒண்ணுதான். அவ நம்ம ஆள் இல்லேன்னா வேற யார் நம்ம ஆள்?"

ரயில் தம்பி குதித்தார். "ஆமா! அண்ணாச்சி பேச்சு முடிஞ்சாலும் அதுக்காகத்தான் நான் கடைசி வரைக்கும் கேப்பேன். எனக்கு அம்பர்நாத்துல யாரும் காப்பி போட்டுத் தர இல்லல்ல!"

மாமி ஒரு வாத்தியாரம்மா மாதிரி எங்களைப் பார்த்தார். "எல்லாரும் கண்ண மூடுங்கோ. மூடியாச்சா? மதினி, இப்ப நீங்க பேசுங்கோ."

இருபது பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். பிறகு, அத்தனை நேரம் எங்களை அதட்டி விசாரித்த மதினியிடமிருந்து, புதுப்பெண் மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது.

"போன... வச்சிட்டுப் பல்லத் தேய்ங்க."

"நம்ம ஆளு!" என்று இருபது பேரும் கத்தினோம். கண்ணைத் திறந்து பார்த்தால் மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். வடாலாவுக்கே கேட்டிருக்கும்.

"வடாலா மதினி சேர்ந்தார்!"

அப்புறம் எல்லோரும் படியேறி முருகனைப் பார்த்தோம். திருநீறு வாங்கிக்கொண்டு, மரத்தடியில் டப்பாக்களைத் திறந்தோம். மாமியின் புளியோதரை, என் உளுந்தவடை, தம்பி பஸ்ஸில் நசுக்கிக்கொண்டு வந்த ஜிலேபி. சாப்பிடும்போது ஒருவர் ஆசையாய், "இன்னைக்குத் தங்கம் என்ன வெல தெரியுமா?" என்று தொடங்கினார். அண்ணாச்சி வாசலைக் காட்டினார். "பத்து நிமிசம் வெளிய!" அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் தட்டோடு எழுந்து போய்ச் செருப்பு விடும் இடத்தில் நின்று சாப்பிட்டார். மூன்றாவது நிமிடம் அண்ணாச்சியே இரண்டு வடையை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார்.

நாலரை மணிக்கு மெகா பிளாக் முடிந்து ஒன்பது பேர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அவர்களையும் மதினி சும்மா விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார். வேண்டியதில்லைதான். அவருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். பதினைந்து நாள் போன் பக்கமே திரும்பக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மறுநாள் காலை எங்களை எழுப்ப யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விடியும் முன்பே போன் சத்தம் போட்டது.

"எந்திரிங்க மக்கா! இவுகளுக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது, முருகன் புண்ணியம். நீங்க அனுப்புறத எல்லாம் நான் பக்கத்துல ஒக்காந்து வாசிச்சுச் சொல்லுதேன். தமிழு எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், அதனால சின்னதா எழுதுங்க."

மதினியின் குரல். அந்தப் போனைப் பரணில் போட வந்தவரின் குரல். பின்னால் அண்ணாச்சியின் அதட்டல் கேட்டது. "ஏளா, இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்கு, அதுக்குள்ள எழுப்பிட்ட!"

அன்றைக்கு மிஷினுக்கு விடுமுறை விட்டுவிட்டுச் செம்பூர்க் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். வீட்டுக்காரர் பெயரும் பிள்ளைகள் பெயரும் வழக்கம்போலச் சொன்னேன். "இன்னொருத்தர் இருக்காரு சாமி" என்றேன்.

"சொல்லும்மா, என்ன பேர்?"

சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, எனக்குத் தெரியாது! அஞ்சு வருஷமாகப் பழகுகிறேன், அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. வெளியே ஓடிப் போய் மதினிக்குப் போன் போட்டேன். "புருசன் பேர என் வாயால சொல்லச் சொல்லுதியே, நல்லா இருக்கியா நீ?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

திரும்பி வந்து குருக்களிடம், "அட்மின் அண்ணாச்சி" என்றேன்.

குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"சரி, கிருத்திகைன்னே சொல்லிடறேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

மந்திரம் கேட்டது. என் வீட்டுக்காரர் பெயர், மூத்தவன் பெயர், சின்னவள் பெயர். அதற்குப் பிறகு, கொஞ்சம் தயங்கி, "அட்மின் நாமதேயஸ்ய" என்று முருகனிடம் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் மெதுவாக, "உங்களுக்கு யாரும்மா அவர்?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல மூத்தவங்க" என்றேன்.